வெளுத்தால் போகாத எண்ணெய்

என் தம்பி இறந்த இருபதாம் நாள் எங்கள் கப்பல் வந்தது.

எங்கள் கப்பல் என்றால் எங்களுக்குச் சொந்தமானது இல்லை. நாங்கள் டோபிகள். பினாங்குக் கடலில் நங்கூரம் போடுகிற கப்பல்களில் ஒன்றே ஒன்று தன் அழுக்குத் துணிகளை எங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. மாதம் ஒரு தடவை வரும். காலையில் வந்து, மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்பட்டுவிடும். அதற்குள் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு, கப்பல்காரர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாவற்றையும் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுபோய் ஏற்றிவிட வேண்டும். ஒரு தடவை தவறினால் போதும், அடுத்த மாதம் வேறு டோபியின் சாம்பான் படகு அந்தக் கப்பலின் ஏணியடியில் நிற்கும். டவுனில் வீட்டுத் துணிகளும் எங்களுக்கு உண்டுதான். அது அரிசிக்குக் காணும். மற்ற எல்லாம் அந்தக் கப்பல்.

கப்பலைப் பிடித்துக் கொடுத்ததே என் தம்பி. முன்பெல்லாம் எல்லா டோபிகளும் துடுப்புப் போட்டுப் போவோம். யார் கைக்குப் பலம் அதிகமோ அவருக்குத் துணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரையின் வீட்டுக்குத் துணி கொடுக்கப் போன தம்பி, அங்கே கொட்டகையில் கிடந்த ஒரு மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தான். படகின் வாலில் மாட்டுகிற மோட்டார். தலையில் கயிறு சுற்றி இழுத்தால் கிளம்பும். காலில் இருக்கிற சின்னக் காற்றாடி தண்ணீரைத் தள்ளும். அம்மாவை ஒரு மாதம் அரித்தெடுத்து வாங்கவைத்தான். எங்கள் சாம்பானின் பின்பக்கம் பலகை அடித்து மாட்டினான். அதற்குப் பிறகு கப்பலின் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் அடங்குவதற்குள் எங்கள் சாம்பான் ஏணியடியில் இருக்கும். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது.

அந்த மோட்டாருக்கு இரண்டு இடத்தில் எண்ணெய் வேண்டும். எஞ்சின் எண்ணெயை ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் எரியும்போது அந்த எண்ணெய் உள்ளே வழுக்கிக்கொடுக்கும். இன்னோர் இடம் தண்ணீருக்குள் இருக்கிற கால். அதற்குள்ளே கியர்ச் சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு திருகாணியைக் கழற்றி அங்கேயும் செலுத்த வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எந்த எண்ணெய், எவ்வளவு என்பதெல்லாம் தம்பியின் பாடு. என் வேலை இஸ்திரி. அவன் மோட்டாரைப் பற்றி ஆரம்பித்தால் நான் "சரிடா, சரிடா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் பொறாமையும்தான். எனக்கு அவனைவிட இரண்டு வயது அதிகம். கப்பலில் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் போய்விட்டான். அதைப் பற்றி என்னால் இதற்கு மேல் எழுத முடியாது.

சாவு விழுந்த வீட்டுத் துணிகளை வெளுத்துத் தீட்டுக் கழிப்பது எங்கள் ஆட்களின் வேலை. ஊரிலும் அப்படி, இங்கே வந்தும் அப்படி. அடுத்தவர் வீட்டுத் தீட்டை அம்மா எத்தனை தடவை கழுவியிருப்பாளோ. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. பாய், தலையணை, அவன் சட்டைகள், தரை, சுவர், கதவு எல்லாம் கழுவினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சோடாவும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு சாம்பானுக்கே போய்விட்டாள். உள்ளே ஓர் இடம் விடாமல் தேய்த்தாள். காலி எண்ணெய் டின்னைக்கூட விடவில்லை. அதில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி உரிந்து போயிற்று.

மறுநாள் நான் படகுகள் கட்டுகிற ஜெட்டிக்குப் போய்ச் சாம்பானுக்குள் இறங்கிப் பார்த்தேன். பக்கப் பலகை புதுப் பலகை மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தேன். அம்மா மேலே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இங்க தம்பி எழுதி வச்சிருந்தான்ல?"

"எங்கடா?"

"இந்தப் பலகையில. சாக்பீஸ்ல. எண்ணெ பேரு, எவ்வளவு ஊத்தணும், எல்லாம்."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள்.

"உப்புப் பூத்திருக்குன்னு நெனச்சேன்டா," என்றாள்.

அன்றைக்கு அவள் அழுத மாதிரி அவன் போன அன்றைக்குக்கூட அழவில்லை. ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் டின்னை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சோடா வாசம்தான் வந்தது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "கப்பல் வர மூணு நாள் இருக்கு. போய் எண்ணெ விசாரி."

கிட்டங்கித் தெருவில் கப்பல் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து ஆள். நாநா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"மோட்டாருக்கு எண்ணெ வேணும் நாநா."

"என்ன மோட்டாரு?"

"சாம்பான் மோட்டாரு."

"லாரிக்கு எண்ணெ இருக்கு. மோட்டார் சைக்கிளுக்கு இருக்கு. தையல் மிசினுக்கு இருக்கு. சாம்பானுக்குன்னு தனியா எண்ணெய ஆண்டவன் படைக்கல தம்பி."

"என் தம்பி இங்க வாங்கலியா?"

"அந்த மோட்டார்ப் பயலா? வருவான். எல்லா டின்னையும் தொறக்கச் சொல்லி மோந்து பாப்பான். விரல்ல தொட்டு உரசிப் பாப்பான். வெலயக் கேப்பான். அப்புறம் 'யோசிச்சுட்டு வர்றேன் நாநா'ன்னுட்டுப் போயிடுவான். வாங்குறது வேற எங்கயோ. யோசிச்சு முடிச்சுட்டானா, அனுப்பி வையி."

அவன் போய்விட்டதை நான் சொன்னேன். நாநா கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வழக்கப்படி வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு எழுந்து நாலு சின்னச் சீசாக்களைத் துடைத்து, நாலு எண்ணெயிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். லாரி எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய், தையல் மிசின் எண்ணெய், விளக்கெண்ணெய்.

"விளக்கெண்ணெ எதுக்கு நாநா?"

"வெள்ளக்காரன் ரேஸ் வுடுறானே, அவன் மோட்டாருக்கு அதத்தான் ஊத்துறானாம். கேள்விதான். நான் கண்டதில்ல."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சீசாக்களைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். மோட்டாரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணெய் என்றால் அவளுக்கு வேறு விதமாகத் தெரியும். ஒரு கிழிந்த தலையணை உறையை விரித்தாள். வீட்டுத் தேங்காய் எண்ணெயையும் சேர்த்து ஐந்து எண்ணெயிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். எந்தச் சொட்டு எதுவென்று மறக்காமல் இருக்க, துணிகளுக்குக் குறி போடுகிற சேங்கொட்டை மையால் பக்கத்திலேயே ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று வைத்தாள். பகல் முழுக்க வெயிலில் காயவிட்டாள். சாயங்காலம் சோடாவில் முக்கி வெள்ளாவியில் வைத்தாள். காலையில் எடுத்துக் கல்லில் நாலு அடி அடித்து, என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

விளக்கெண்ணெய்ச் சொட்டும் தேங்காய் எண்ணெய்ச் சொட்டும் இருந்த இடமே தெரியவில்லை. மற்ற மூன்றும் தேச வரைபடம் மாதிரி பழுப்பாக நின்றன.

"பாத்தியா? இது ரெண்டும் சொன்ன பேச்சுக் கேக்குற புள்ளைங்க. அது மூணும் உங்கப்பன் மாதிரி."

"துணிக்குச் சரிம்மா. மோட்டாருக்கு?"

"வெள்ளக்காரனே ஊத்துறான்னு நீதானடா சொன்ன? கால்ல இருக்குற சக்கரத்துக்குத் தேங்காண்ணெய ஊத்து. தலைக்கு ஆவுற எண்ணெ சக்கரத்துக்கு ஆவாதா?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எண்ணெயைத் துணியில் வைத்துப் பார்த்து மோட்டாருக்குத் தேர்ந்தெடுத்த ஆட்கள் இந்த உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

அம்மா ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் கப்பலுக்குப் போகிற வழியில், இஸ்திரி போட்ட கேப்டன் கோட்டின் கையில் மோட்டாரிலிருந்து ஒரு கறுப்புச் சொட்டுத் தெறித்துவிட்டது. கோட்டு வீட்டுக்கே திரும்பி வந்தது. அம்மா தம்பியைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினாள். "உன் மோட்டார்ல கொள்ளி வைக்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். அதற்கு இரண்டாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தப் பேச்சை அவள் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. வெளுத்தால் போகிற எண்ணெயாக இருந்தால் போதும் என்று மட்டும் இருந்தாள்.

கப்பல் வந்த காலையில் மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. நான் அப்போதுதான் விளக்கெண்ணெயைப் பெட்ரோலில் ஊற்றிக் கலக்கியிருந்தேன். வெள்ளைப் புகை. கடல் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கிற வாசம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பாதி வழியில் எதிர்க்கல் மாமாவின் சாம்பானைத் தாண்டினேன். டோபிக்காட்டில், துணி துவைக்கிற துறையில், எங்கள் கல்லுக்கு எதிர்க் கல்லில் துவைக்கிறவர். எங்கள் ஆள்தான், சொந்தம்தான், தூரம். எங்களுக்கு முன்னால் இந்தக் கப்பல் அவருடையது. மோட்டார் வந்தபிறகு போய்விட்டது. அப்போதிலிருந்து அம்மாவும் அவரும் பேசுவதில்லை. ஒரே தண்ணீரில், நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு, இரண்டு வருஷம் பேசாமலே துவைத்தார்கள். ஆனாலும் அவர் ஒவ்வொரு மாதமும், துணி எடுக்கிற நாளும் கொடுக்கிற நாளும், துடுப்புப் போட்டுக்கொண்டு கப்பல் வரைக்கும் வருவார். நாங்கள் தவறினால் தனக்குக் கிடைக்கும் என்று.

"ஏன்டா தம்பி, வெளக்கெண்ண வாசம் வருது! மோட்டாருக்கு மலச்சிக்கலா?" என்று கத்தினார்.

"உங்க வேலயப் பாருங்க மாமா!" என்று நானும் கத்திவிட்டுப் போனேன்.

"தம்பி, நில்லு லா, ஒரு விசயம்..." என்று பினாங்குப் பேச்சில் இழுத்தார்.

நான் நிற்கவில்லை.

அன்றைக்குப் பகல் பூராவும் வேலை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது நாளாக வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் குனிந்து நிமிரத் துணி கிடைத்தது. வெயில் நன்றாக அடித்தது. கொடியில் நாற்பது விரிப்பும் ஒரே நேரத்தில் காற்றில் எழும்பி அடங்கின. அம்மா கஞ்சிப் பானைக்குள் நீலம் கரைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். பாடுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன். கரி நன்றாகக் கனன்றது. கேப்டன் கோட்டை நானே இஸ்திரி போட்டேன். கழுத்துப் பட்டியில் ஒரு சுருக்கம் கிடையாது.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மூட்டைகளை ஏற்றினோம். வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் துணி கெடாமல் பார்த்துக்கொள்ள அம்மாவும் கூட வந்தாள். நேற்றுக் கலந்த பெட்ரோலிலேயே முக்கால் டாங்கி மிச்சம் இருந்தது. அதைக் குலுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இருமியது. பத்துத் தடவை இழுத்தபிறகு, பிசுபிசுவென்று புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் புகை குறைந்தது. பிறகு புகையே இல்லை. வேகம் பிடித்தது. நான் அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததே இல்லை.

"பாத்தியா, துணியில ஒரு பொட்டு விழல," என்றாள் அம்மா.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போனபோது சத்தம் மாறிற்று. மேலே கீச்சென்று ஒரு குரல். கீழே தண்ணீருக்குள் கறகறவென்று கல் அரைக்கிற சத்தம். சூட்டு வாசம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கயிற்றை இழுத்தேன், சக்கரம் அசையவில்லை. பலமாக இழுத்தேன், கயிறு அறுந்து நான் மூட்டை மேல் விழுந்தேன்.

"துணி! துணி!" என்றாள் அம்மா. நான் விழுந்தது அவளுக்குப் பெரிதில்லை.

சாம்பானில் துடுப்பு ஒன்றுதான் இருந்தது. மோட்டார் வந்தபிறகு இன்னொன்றை யாருக்கோ கொடுத்துவிட்டோம். ஒற்றைத் துடுப்பைப் போட்டால் சாம்பான் வட்டம் சுற்றியது. நீரோட்டம் எங்களைத் தெற்கே, ஜெரெஜாக் தீவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கப்பலின் புகைபோக்கியில் கறுப்புப் புகை தடிமனாகக் கிளம்பிவிட்டது. நாற்பது விரிப்பு, நூறு தலையணை உறை, ஒரு கேப்டன் கோட்டு, எல்லாம் எங்களோடு மிதந்துகொண்டிருந்தன. அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது எதிர்க்கல் மாமா வந்தார். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பேசாமல் தன் வழியே போனால் போதும். அடுத்த மாதம் கப்பல் அவருடையது. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சாம்பானைத் திருப்பிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். வியர்த்து ஊற்றியது.

"அக்கா, கயிறு இருக்கா?"

இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே, "இருக்கு. எதுக்கு?" என்றாள்.

"தூக்குப் போட்டுக்கவா கேக்குறேன்? எடுத்து வீசு லா!"

கயிற்றைக் கட்டினோம். நான் அவர் சாம்பானுக்குத் தாவி இரண்டாவது ஜோடித் துடுப்பைப் பிடித்தேன். பின்னால் அம்மாவும் மூட்டைகளும். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்து இழுத்தோம்.

"என்னடா ஊத்துன?"

"வெளக்கெண்ண மாமா."

"கியருக்கு?"

"தேங்காண்ண."

மாமா சிரித்த சிரிப்பில் துடுப்புத் தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது. "தாளிச்சுக் கொட்டலியா? கடுகு கறிவேப்பில போடலியா?" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, முன்னால் பார்த்துத் துடுப்புப் போட்டபடியே, குரலைக் கொஞ்சம் மெலிசாக்கிச் சொன்னார்:

"'மாமா, நல்லாக் கேட்டுக்குங்க. மோட்டார் சைக்கிளுக்கு ஊத்துற கெட்டி எண்ணெ. ஒரு காலன் பெட்ரோலுக்கு அரை பைண்ட். மொதல்ல வேற டின்னுல ஊத்திக் குலுக்கணும், நல்லா கலந்த பொறவுதான் டாங்கியில. அவசரத்துக்கு ஒண்ணும் கெடக்கலன்னா லாரி எண்ணெ. வெளக்கெண்ண மட்டும் ஆவாது...'"

என் கை நின்றுவிட்டது. "மாமா, நல்லாக் கேட்டுக்குங்க." அது அவன் பேச்சு. அந்த "நல்லா"வில் ஓர் இழுப்பு உண்டு, அதுகூட அப்படியே இருந்தது.

பின்னாலிருந்து அம்மா கத்தினாள்: "ஏன்டா துடுப்ப வுட்ட?"

"அம்மா, தம்பி சொன்னத மாமா சொல்றாரு."

"என்னது?"

"தம்பி எண்ணெயப் பத்திச் சொன்னத! மாமாகிட்ட சொல்லியிருக்கான்!"

துடுப்பு நாலு தடவை விழுந்த பிறகு அவள் குரல் வந்தது. "சத்தமாச் சொல்லச் சொல்லு. எனக்குக் கேக்கல."

மாமா திரும்பிப் பார்க்காமல், கடலுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கெட்டி எண்ணெய், காலனுக்கு அரை பைண்ட், வேறு டின்னில் குலுக்குவது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. "வெளக்கெண்ண ஆவாது மாமா! பெட்ரோலோட சேந்த மாதிரி இருக்கும், ஒரு ராத்திரி வச்சா அது கீழ ஒக்காந்துக்கும், இது மேல நின்னுக்கும், நீங்களும் எங்கம்மாவும் மாதிரி!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"கியருக்கு என்னன்னு சொன்னான்?" என்று கேட்டாள்.

"கியருக்கு எண்ணெயே ஆவாதாம் அக்கா! தண்ணியில கரையாத கிரீஸ், கெட்டியா! எண்ணெ ஊத்துனா ஓட்ட வழியா வெளிய போயிடும், உப்புத் தண்ணி உள்ள வந்துடும், சக்கரம் தேஞ்சு போயிடுமாம்!"

"உனக்கு எதுக்குச் சொன்னான்?"

"நானும் ஒரு மோட்டார் வாங்கலாம்னு கேட்டேன். ஒரு மத்தியானம் பூரா என் சாம்பான்ல ஒக்காந்து சொன்னான். போட்டிக்காரனுக்குச் சொல்லித் தரலாமாடான்னேன். 'நீங்க வாங்க மாட்டீங்க மாமா, சும்மா கேட்டுக்குங்க'ன்னுட்டான்!"

நாங்கள் ஏணியடிக்குப் போனபோது, துணிகளுக்குப் பொறுப்பான ஸ்டூவர்ட் மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு "லம்பாட், டோபி! லம்பாட்!" என்று கத்தினார். நேரம் ஆயிற்று, நேரம் ஆயிற்று என்று. கயிறு இறங்கியது. மூட்டைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. கடைசி மூட்டை போனதும் அவர் கீழே இரண்டு சாம்பானையும் மாறி மாறிப் பார்த்தார். மலாயில் கேட்டார், யார் டோபி, அடுத்த மாதம் யாரிடம் கொடுப்பது என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த மலாய் பசாரில் மீன் வாங்குகிற மலாய்தான். இரண்டு விரலைக் காட்டி, "டுவா-டுவா, துவான்!" என்றாள். இரண்டு பேரும்தான், துரை.

ஸ்டூவர்ட் தோளைக் குலுக்கினார். துணி நேரத்துக்கு வந்தால் அவருக்குப் போதும். ஏணியைத் தூக்கிவிட்டார்கள்.

மாமா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தார். "அக்கா..." என்றார்.

"மேசைத் துணியும் கோட்டும் எனக்கு. படுக்கத் துணி உனக்கு. கஞ்சி போடுறது உனக்கு வராது," என்றாள் அம்மா.

அடுத்த வாரம் மோட்டாரை மாமாவும் நானும் கழற்றினோம். நல்ல காலம், உள்ளே உடைந்து போகவில்லை. விளக்கெண்ணெய் வெந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தோம். காலைத் திறந்தபோது தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை, கடல் தண்ணீர்தான் கொட்டியது. கெட்டி எண்ணெயும் கிரீசும் வாங்க நாநா கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டு அவர் ரேஸ்காரனைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லவே இல்லை என்று சாதித்தார்.

இப்போது பத்து மாதமாக அந்தக் கப்பலுக்கு இரண்டு சாம்பானும் சேர்ந்து போகின்றன. அரை பைண்டை நான் கண்ணால் அளப்பதில்லை, அளவுக் குவளை வைத்திருக்கிறேன். அவன் சொன்ன எண்ணெய்தான். அதனால் கறுப்புப் பொட்டும் அவ்வப்போது விழத்தான் செய்கிறது. பழைய கப்பல் பாயை வாங்கி மெழுகு தேய்த்து மூட்டைகளுக்கு மேல் போட்டிருக்கிறோம். என் சட்டைகள் எல்லாவற்றிலும் கை மடிப்பில் பழுப்புக் கறை. அம்மா அவற்றையும் துவைக்கிறாள். போகவில்லை என்றால் போகவில்லை, அப்படியே காயப்போடுகிறாள்.

சில மத்தியானங்களில் கல்லில் வேலை கொஞ்சம் ஓயும்போது அம்மா எதிர்ப்பக்கம் பார்த்து, "அவன் வேற என்னடா சொன்னான்?" என்று கேட்பாள். மாமா சொல்லுவார். பிளக்கை எப்படித் துடைப்பது என்று சொன்னான், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொன்னான், ஒரு நாள் மோட்டார் வைத்து எதிர்க்கரைச் செபராங் வரைக்கும் ஆள் ஏற்றப் போகிறேன் என்று சொன்னான். ஒரே ஒரு மத்தியானப் பேச்சு இவ்வளவு நீளமாக இருக்க முடியாது. மாமா சேர்த்துக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

நேற்றுக்கூட, "'எங்கம்மா மாதிரி வெளுக்க பினாங்குல ஆளே இல்ல மாமா'ன்னான்," என்றார்.

"அத அவன் சொல்லியிருக்க மாட்டான்," என்றாள் அம்மா.

"சத்தியமா அக்கா."

"போடா, பொய்க்காரா." ஈர விரிப்பின் ஒரு முனையை அவர் பக்கம் வீசினாள். "அந்தப் பக்கம் புடி. முறுக்கணும்."